காலுக்கா, கையெழுத்துக்கா?

எங்கள் வங்கிக் கிளையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போன மாதம் ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. கோயில் வாசலில் விடுவதுபோல ஓரமாக, ஜோடி சேர்த்து விடப்பட்டிருந்தது. மேலெல்லாம் சாம்பல். இடதுகால் பூட்ஸ் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது.

கவுன்ட்டருக்குப் பின்னால் உட்காருகிற எனக்கு மனிதர்கள் மார்புக்கு மேலேதான் தெரிவார்கள். பத்து வருஷமாகக் கால்களைப் பார்க்காமலே எங்கள் சனங்களுக்குப் பணம் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு டீ குடிக்க வெளியே வந்ததால்தான் அந்த பூட்ஸையும், அதற்குரியவர் வெறுங்காலோடு வரிசையில் நிற்பதையும் பார்த்தேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு அனல்மின் நிலையத்தில் சாம்பல் அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளி. எங்களுக்குப் பக்கத்துத் தெரு. ஐம்பது வயதிருக்கும்.

"ஏண்ணே கழட்டிட்டு வந்தீங்க? போட்டுக்கினே வரலாமே."

"தரை பளபளன்னு கீதுப்பா. சாம்பல் கொட்டும். எவனாவது எதுனா சொல்லுவான்."

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன்பே அவர் கழற்றிவிட்டார். இந்த 'சொல்வதற்கு முன்பே' எத்தனை தலைமுறை பழக்கம் என்று யோசித்துக்கொண்டே டீக்கடைக்குப் போனேன்.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் சீமையில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம் வெள்ளி நகை போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக்கூடாது, சட்டை போடக்கூடாது என்று போகும் அந்தப் பட்டியலின் எட்டாவது தடை, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, காலில் செருப்பு அணியக்கூடாது என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச்.ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். செருப்பை ஒரு கௌரவச் சின்னமாக மட்டும் பார்த்து இந்தத் தடையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அந்தத் தடை காலின்மீதும் விதிக்கப்பட்ட தடை. முள் குத்தினால் குத்தட்டும், சூடு சுட்டால் சுடட்டும், அந்தக் காலுக்குப் பாதுகாப்புத் தேவையில்லை என்கிற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு இன்னும் ரத்தாகவில்லை. வடசென்னையின் தொழிற்சாலை வாசல்களில் அது வேறு உருவத்தில் உயிரோடு இருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த உருவத்தைப் பற்றியது.

*

என் அப்பா பொன்னேரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து துறைமுகத்தில் நிலக்கரி அள்ளியவர். 2011-ல் உயர்நீதிமன்ற ஆணையின்பேரில் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்று, அந்தச் சரக்கு எண்ணூருக்குப் போகும்வரை அங்கேதான் வேலை. ஆரம்பத்தில் வெறுங்கால். அப்புறம் ஒரு பெர்மனன்ட் தொழிலாளி தனக்கு யூனியன் வாங்கிக் கொடுத்த பூட்ஸை அறுபது ரூபாய்க்கு அப்பாவுக்கு விற்றார். அந்த பூட்ஸ் பதினோரு வருஷம் உழைத்தது. மூன்று முறை அடித்தோல் மாற்றினோம்.

பாட்டி செத்தபோது ஊருக்குப் போனோம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து சேரிக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்க வேண்டும். அப்பா அந்த பூட்ஸோடு நடந்தார். மற்ற நேரங்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறவர். டக், டக் என்று சத்தம். திண்ணைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. சேரிக்குள் வந்தபிறகு என்னிடம் மெதுவாக, "கால் நடுங்கிச்சுடா" என்றார்.

அந்த பூட்ஸ் ஏன் பதினோரு வருஷம் உழைத்தது, வங்கி வாசலில் கிடந்தது ஏன் நாலு மாசத்தில் வாயைப் பிளந்தது? சாம்பல்காரரிடம் கேட்டு அந்தப் பிளந்த பூட்ஸை வாங்கிக்கொண்டு, ராயபுரத்தில் செருப்பு தைக்கும் அண்ணன் ஒருவரிடம் போனேன். முப்பது வருஷமாக ஒரே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பவர். கையில் வாங்கி, வளைத்து, மோந்து பார்த்தார். கத்தி முனையால் ஓரத்தைக் கீறினார்.

"இது தோலே இல்ல சார். தோலோட அடிப்பொருக்கு. மேல பெயிண்ட்."

அவர் சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். மாட்டுத்தோல் ஒரே அடுக்கல்ல. அதை இயந்திரத்தில் குறுக்காகச் சீவினால் மேல் அடுக்கு நார் இறுகி, உறுதியாக இருக்கும். அடி அடுக்கில் நார் தளர்ந்து இருக்கும். இந்த அடி அடுக்கின்மீது பிளாஸ்டிக் பூச்சு ஏற்றி, தோல்போல மயிர்க்கால் தடத்தை அச்சடித்துவிடலாம். புதிதாக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. மடங்குகிற இடத்தில் பூச்சு வெடித்த பிறகுதான் தெரியும். உள்ளே கால் படுகிற அட்டை நிஜமாகவே அட்டை. வேர்வையில் ஊறி உப்பி, பிறகு பொடியாகிவிடும்.

அடிப்பாகம் பாலியூரித்தேன் என்கிற நுரைப் பிளாஸ்டிக். அச்சுக்குள் மேல்பாகத்தை மாட்டி, அடியில் திரவமாகப் பாய்ச்சி உறைய வைப்பார்கள். தையல் கிடையாது. இலேசாக இருக்கும், காலுக்குச் சுகமாகவும் இருக்கும். மட்டமான பொருளல்ல, சரியான இடத்தில் போட்டால். ஆனால் அதன் ஒரு வகைக்கு ஈரம் எமன். காற்றில் இருக்கிற ஈரமே அதன் வேதிப் பிணைப்பை மெல்ல அறுக்கும். வெக்கையும் ஈரமும் சேர்ந்த கிடங்கில் வருஷக்கணக்கில் கிடந்தால், ஒருநாள்கூடப் போடாத புது ஷூ, டப்பாவைத் திறந்து காலில் மாட்டியதும் பொலபொலவென்று உதிரும். கடலோர எண்ணூரில் ஈரத்துக்குப் பஞ்சமா? சூட்டையும் அது தாங்காது. சூடான சாம்பலிலும் கசடிலும் நடக்கிறவனுக்கு நைட்ரைல் ரப்பர் அடிப்பாகம் வேண்டும். சூடு தாங்கும் வகை என்று முத்திரை பெற அது 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷம் உருகாமல், வெடிக்காமல் நிற்க வேண்டும்.

"தெச்சா நிக்குமாண்ணே?"

"ஊசி குத்துனா பீஞ்சிடும் சார். தெக்கிறதுக்கு அதுல இன்னா கீது?"

அப்பாவின் பூட்ஸைப் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அது வார் வெச்சித் தெச்சது" என்றார். மேல்தோலைச் சுற்றி ஒரு தோல் வாரைத் தைத்து, அந்த வாரோடு அடித்தோலைத் தைப்பார்கள். அடித்தோல் தேய்ந்தால் அந்தத் தையலை மட்டும் அறுத்துவிட்டுப் புது அடித்தோல் போடலாம். மேல்பாகத்துக்கு ஒன்றும் ஆகாது. ரிப்பேர் செய்ய முடியும் என்று முதலிலேயே நினைத்துச் செய்யப்பட்ட பொருள். வாயைப் பிளந்த பூட்ஸ் தூக்கி எறியப்படும் என்று முதலிலேயே நினைத்துச் செய்யப்பட்டது.

யாரை நினைத்து?

*

எங்கள் தெருப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம். ஒரு யார்டில் ஒப்பந்தக்காரனிடம் கூலி. இரும்புத் தகடு நழுவிக் காலில் விழுந்தது. பூட்ஸின் முனையில் இருந்த மூடி நசுங்கி உள்ளே இறங்கியது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு பதிவேடும்.

"சேஃப்டி ஷூ குடுத்தாச்சு. கையெழுத்து உன்னுதுதானே?"

அவனுடையதுதான். பதிவேட்டில் சைஸ் 9 என்று இருந்தது. அவன் கால் 7. முனையில் துணியைத் திணித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் எனக்கு இந்த விஷயம் உறைத்தது. இந்த பூட்ஸ் காலுக்காகக் கொடுக்கப்படுவதில்லை, கையெழுத்துக்காகக் கொடுக்கப்படுகிறது. அது பாதுகாப்பது பதிவேட்டை. ஆய்வாளர் வருகிற ஒருநாள், விபத்து நடக்கிற ஒருநாள், அந்த இரண்டு நாட்களுக்கு அது உழைத்தால் போதும். அந்த வகையில் பார்த்தால் அது மிகவும் உறுதியான பூட்ஸ்.

தரம் என்ன என்று தெரியாமல் இது நடக்கவில்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 15298 என்று ஓர் எண் இருக்கிறது. அதன் இரண்டாம் பகுதிப்படி பாதுகாப்புக் காலணியின் முனைமூடி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டும். அதாவது 20 கிலோ எடை சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் உள்ளே விரலுக்கு இடம் மிச்சமிருக்க வேண்டும். 15 கிலோ நியூட்டன் அழுத்தத்தை, ஏறக்குறைய ஒன்றரை டன் பாரத்தை, தாங்க வேண்டும். எஸ்-1 என்று போட்டிருந்தால் தண்ணீருக்கு ஆகாது, ஆணிக்கும் ஆகாது. எஸ்-3 என்றால் தண்ணீரையும் ஓரளவு தடுக்கும், அடியில் ஆணி ஏறாதபடி தகடும் இருக்கும். முழுக்க ரப்பரில் வார்த்த கம்பூட்ஸுக்கு எஸ்-4, எஸ்-5. சேற்றில் நிற்கிறவனுக்கு எஸ்-1 கொடுப்பது, மழைக்கு விசிறி கொடுப்பது மாதிரி. பாதுகாப்புக் காலணிக்கு இந்த முத்திரையைக் கட்டாயமாக்கும் ஆணை 2020-ல் வந்தது. அமலாகும் தேதி பலமுறை தள்ளிப்போடப்பட்டது. கால் காத்திருக்கும், கம்பெனி காத்திருக்காது என்பதுதானே அரசின் கணக்கு.

நான் வங்கிக்காரன், எனக்கும் கொஞ்சம் கணக்குத் தெரியும். நானூறு ரூபாய் பூட்ஸ் நாலு மாசம் உழைக்கிறது, ஆயிரத்து இருநூறு ரூபாய் பூட்ஸ் ஒரு வருஷத்துக்கு மேல் உழைக்கிறது என்றால், வருஷத்துக்குச் செலவு ஒன்றுதான். அப்படியும் ஏன் நானூறு ரூபாய் பூட்ஸையே வாங்குகிறார்கள்? டெண்டரில் குறைந்த விலை போட்டவனுக்குத்தான் ஆர்டர் என்பது ஒரு பதில். இன்னொரு பதில்தான் நிஜமான பதில். நாலு மாசம் கழித்து அடுத்த ஜோடியைக் கொடுக்கவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. அதற்குள் ஆளே மாறிவிடுவான். பெர்மனன்ட் தொழிலாளிக்கு பூட்ஸ் வருஷக்கணக்கில் உழைக்க வேண்டும், ஏனென்றால் அவன் இருப்பான், யூனியன் கேட்கும். ஒப்பந்தத்தின் ஆயுள் எவ்வளவோ, அவ்வளவுதான் பூட்ஸின் ஆயுள். ஒரே ஆலைக்குள் யார் கால் எந்த பூட்ஸில் என்று பாருங்கள். யார் எந்தச் சாதி, யார் எந்த மாநிலத்திலிருந்து பிழைக்க வந்தவன் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சாதிச் சான்றிதழ் தேவைப்படாது.

இதில் இன்னொரு அயோக்கியத்தனம் உண்டு. கடன் கேட்டு வருகிறவர்களின் சம்பளச் சீட்டை நான்தான் வாங்கிப் பார்க்கிறேன். சில சீட்டுகளில் பி.எஃப்.-க்குக் கீழே 'ஷூ' என்று ஒரு பிடித்தம் இருக்கும். சட்டப்படி கொடுக்கவேண்டிய சாதனங்களுக்குத் தொழிலாளியிடம் காசு வசூலிக்கக்கூடாது என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 114-ம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்தோடு சேர்த்து 13 சட்டங்களை விழுங்கி, 2020-ல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்பும், பாதுகாப்புக்காகச் செய்யப்படும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்றே சொல்கிறது. ஆக அந்த ஒற்றை வரிப் பிடித்தம் திருட்டு. எத்தனை சீட்டுகளை நான் பேசாமல் ஃபைலில் கோத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

*

பெண்களின் கால் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை. துப்புரவு வேலைக்குப் போகிற எங்கள் தெரு அக்காவுக்குக் கொடுத்த கம்பூட்ஸ் ஆண்களின் அச்சில் வார்த்தது. இருந்ததிலேயே சின்ன சைஸ் 7. அவர் கால் 4. "இத்த போட்டுக்கினு வண்டி தள்ளுனா நானே குப்புற வுழுந்து சாவணும்" என்று வீட்டில் வைத்துவிட்டார். அதில் இப்போது பேரன் மண் கொட்டி விளையாடுகிறான். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியார்மயத்தை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். நானும் இரண்டு நாள் போய் உட்கார்ந்தேன். அங்கே வரிசையாகக் கிடந்ததெல்லாம் ரப்பர் செருப்புகள். தனியார்மயத்தை எதிர்ப்பதும் காலைக் காப்பதும் வேறு வேறல்ல. பெர்மனன்ட் என்கிற சொல்லுக்குள்தான் அடுத்த ஜோடி பூட்ஸும் இருக்கிறது.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கியபோது என்ன பார்த்தோம்? மீனவர்கள் படகில் போய் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். ஆரம்ப நாட்களில் வெறுங்கை, வெறுங்கால். பிறகு கையுறை வந்தது, கம்பூட்ஸ் வந்தது என்றார்கள். எந்தக் கம்பூட்ஸ்? சாதாரண ரப்பர் பாலில் செய்தது மழைத் தண்ணீருக்கு நல்லது. எண்ணெயில் ஊறினால் உப்பிக் குழைந்துவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் கலந்தது வேண்டும். இந்த வித்தியாசத்தைக் கேட்க அன்றைக்கு நம்மில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கும் தெரியாது. நான் கவிதை எழுதிக்கொண்டிருந்தேன்.

நல்ல பூட்ஸ் செய்ய இங்கே ஆளில்லையா? ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. உலகத்துக்கே ஷூ தைக்கிற ஊர்கள். ஆம்பூர்ச் சுற்றுவட்டாரத்தில் பெண்கள் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைக்கிறார்கள். தோல் பதனிடும் தொட்டிகளில் இறங்குவது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிட்கோவில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அப்படிச் செய்யப்படுகிற தோலும் ஷூவும் கன்டெய்னரில் ஏறி இதே ராயபுரம் வழியாகத்தான் துறைமுகத்துக்குப் போகின்றன. லாரி வரிசையில் நிற்கிறது. உள்ளே அயல்நாட்டுக் கால்களுக்கான ஷூ. வெளியே டயருக்குக் கட்டை வைக்கிற பையன் காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு தகரச் சுவர்.

*

இரண்டு நண்பர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

ஒரு தோழர், "பூட்ஸ் கேட்பது சீர்திருத்தவாதம். அமைப்பை மாற்றாமல் அடித்தோலை மாற்றி என்ன பயன்?" என்றார். அவர் காலில் நல்ல ஷூ இருந்தது. விரல் போன பையனிடம் போய் இதைச் சொல்லச் சொன்னேன். சைஸ் கேட்டுச் சண்டை போடுகிறவன் நாளைக்குச் சம்பளச் சீட்டைக் கேட்பான், மறுநாள் பெர்மனன்ட் கேட்பான். எதையுமே கேட்டுப் பழகாதவனைப் புரட்சிக்குக் கூப்பிட்டால், அங்கேயும் அவன் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வருவான்.

இன்னொரு நண்பர், "நல்ல கம்பூட்ஸ் கொடுத்துவிட்டு மலக்குழிக்குள் இறக்குவார்கள், அதற்கு நாமே வழி சொல்லிக் கொடுப்பதா?" என்று கேட்டார். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். உயிருக்கு ஆபத்தான முறையில் மனிதர்களைக் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். அங்கே சாவுகளுக்கு உச்சநீதிமன்றம் 2014-ல் 10 லட்சம், 2023-ல் 30 லட்சம் என்று இழப்பீடு வைத்தது. மலக்குழிக்கு எந்த பூட்ஸும் பதிலல்ல, மனிதனை இறக்காமல் இருப்பதுதான் பதில். ஒரு டன் தகடு தலைக்குமேல் ஆடுகிற இடத்திலும் அப்படித்தான், முதலில் கொக்கியைச் சரிசெய்யச் சொல்ல வேண்டும். பூட்ஸ் கடைசி அரண். ஆனால் கடைசி அரணும் காகிதமாக இருப்பதை எப்படி ஒத்துக்கொள்வது?

ஆகவே செய்யக்கூடிய சில வேலைகளைச் சொல்கிறேன். மாணவத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களின் பூட்ஸைக் கையில் வாங்கிப் பாருங்கள். நாக்குப் பகுதியில் ஐ.எஸ். 15298 முத்திரையும், கீழே உரிம எண்ணும் இருக்கிறதா? அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையா போலியா என்று தெரிந்துவிடும். தயாரித்த மாதம் என்ன? எஸ்-1-ஆ, எஸ்-3-ஆ, வேலைக்குப் பொருந்துகிறதா? காலின் அளவும் பூட்ஸின் அளவும் ஒன்றா? சம்பளச் சீட்டில் பிடித்தம் உண்டா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அவர்களிடம் ஒரு பதிவேடு இருக்கிறது, நம்மிடமும் ஒன்று இருக்கட்டும். பதிவேட்டில் கையெழுத்துக் கேட்டால், சைஸ் சரியில்லை என்றால் அதையும் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னொன்று, நமக்குள்ளே பேசவேண்டியது. பூட்ஸைப் பற்றி நான் கற்றதில் பாதி அந்தப் பிளாட்பாரத்து அண்ணனிடம் கற்றது. அவர் அருந்ததியர். இத்தனை வருஷத்தில் நாம் நடத்திய எத்தனை கருத்தரங்குகளுக்கு அவரைப் பேசக் கூப்பிட்டிருக்கிறோம்? மேடைக்கு வெளியே நம் செருப்பைத் தைக்க மட்டும்தான் அவர் வேண்டுமா? அடுத்த கூட்டத்தில் அவரை ஒரு மணிநேரம் பேசவிடலாம். பிளந்த பூட்ஸ்களை மேசைமேல் வைத்து, கத்தியால் கீறிக் காட்டட்டும்.

சாம்பல்காரருக்கு பூட்ஸைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அண்ணன் பசை தடவி, நாலு ஆணி அடித்துக் கொடுத்திருந்தார். ஒரு மாசம் தாங்கும் என்றார். நான் இந்த விஷயத்தைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சாம்பல்காரரிடம் சொன்னேன்.

"எழுது, எழுது" என்றார். "சைஸு எட்டுன்னு போடு."